போர்ட் பிளேருக்கு இரண்டு சீட்டு

தங்கையின் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அவளைப் போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம். அந்தக் கப்பலும் நாம் நினைத்த நாளில் கிளம்பாது. அம்மா காங்கேயத்துப் பக்கம் வறண்ட மேட்டாங்காட்டில் பிறந்து வளர்ந்தவள். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை அவள் நம்பியதில்லை. "கப்பல்ல மட்டும் என்னைய ஏத்திப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். விமானக் கட்டணத்தை விசாரித்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

குழந்தை பிறந்து ஆறாம் நாள் இறந்துபோனது. செய்தி பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்தது. நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்த் தங்கையைக் கூப்பிட்டேன். அந்த நாட்களில் அந்தமானுக்குப் பேசினால் குரல் போய்ச் சேரச் சற்று நேரமாகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அவள் அழவில்லை. "நம்ம ஊட்டுல இருந்து யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருந்திருக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை அம்மாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும்தான். சிங்காநல்லூரில் பம்புசெட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் காப்பர் கம்பி, பேரிங் முதலியவற்றை வாங்கிப்போடும் வேலை எனக்கு. கம்பெனியின் கணக்கு இருந்த வங்கியிலிருந்து ஒரு நாள் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து, அலுவலகத்தில் இருந்த ஐந்து பேருக்குக் கிரெடிட் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். நால்வர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் மட்டும் கூடவே வந்த சிறு புத்தகத்தைப் படித்தேன்.

கார்டில் செலவு செய்தால் நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்ததும் ஹாட்பாக்ஸ், சுவர்க் கடிகாரம், டின்னர் செட் என்று ஏதாவது வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் வழவழப்பான படம் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், படமே இல்லாத இடத்தில், பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. பாயிண்டுகளை ஒரு விமானக் கம்பெனியின் மைலேஜ் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒன்றுக்கு ஒன்று; மைல் சேர்ந்தால் காசில்லாமல் டிக்கெட்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து அந்த விமானக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய் மைலேஜ் அட்டவணையை வாங்கி வந்தேன். இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குப் பறக்கக் கேட்ட மைலேஜுக்கும் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கேட்ட மைலேஜுக்கும் பெரிய வித்தியாசமில்லை. டெல்லிக்கு என்ன கேட்டார்களோ அதையேதான் போர்ட் பிளேருக்கும் கேட்டார்கள். நம்மால் வாங்கவே முடியாத டிக்கெட்டுக்குத்தான் இந்தப் பாயிண்டைச் செலவு செய்ய வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. ரயில் போகும் ஊருக்கு ரயிலில் போய்க்கொள்ளலாம். டின்னர் செட்டை என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் என் சம்பளத்தில் நான் செய்யும் செலவை வைத்துப் பார்த்தால் அந்த டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகும். மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் கார்டை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. பெரிய ஜவுளிக் கடை, நகைக் கடை, டயர் கடை, இரண்டொரு ஓட்டல், அவ்வளவுதான். ஆகவே பெரிய கடைக்குப் போகிறவர்களோடு நானும் போவது என்று தீர்மானித்தேன்.

உறவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் போய் நின்றேன். முதன்முதலாகப் போனது சித்தி வீட்டுக்கு. அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. மகள் கல்யாணத்துக்கு ஒப்பணக்கார வீதியில் பட்டு எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "சித்தி, காசை எங்கிட்ட குடுங்க, நான் கார்டுல போட்டுக்கறேன்" என்றேன்.

"ஏங் கண்ணு, காசுதான் கையில இருக்குதே, அதைக் கடைக்காரங்கிட்டயே குடுத்துப்போட்டா என்ன?"

"எனக்குப் பாயிண்ட் வரும் சித்தி. சேந்துச்சுன்னா பிளேன் டிக்கெட் குடுப்பாங்க."

"பட்டுச்சீலை எடுத்தா பிளேன்ல கூட்டிட்டுப் போவாங்களா?" சித்தி சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். கடையில் என் கார்டை நம்பர் பதிக்கும் கட்டை மெஷினில் வைத்து இழுத்துவிட்டு, வங்கியின் சம்மதம் கேட்டுச் சென்னைக்குப் போன் போட்டார்கள். லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. கல்யாணப் பெண், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரிங்க" என்று கடைக்காரர் போனை வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகப் போகத் தொழில் பிடிபட்டது. கார்டுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்கும் கடைகள் இருந்தன. அங்கே போகவே மாட்டேன். வாங்கிய காசை மறுநாள் காலையிலேயே வங்கியில் கட்டிவிடுவேன். பில் வரட்டும் என்று காத்திருந்தால் கார்டின் வரம்பு நிரம்பிப்போகும், அடுத்த கல்யாணத்துக்கு உதவாது. உடனே கட்டினால் மறுபடி இடம் கிடைக்கும். வட்டி என்று ஒரு ரூபாய்கூட நான் கொடுத்ததில்லை.

உறவுக்குள் பேச்சுக் கிளம்பாமல் இருக்குமா? நான் அட்டையை வைத்து வட்டிக்கு விடுகிறேன் என்றார்கள் சிலர். கடனில் மூழ்கிவிட்டேன் என்றார்கள் சிலர். ஒரு விருந்தில் ஓர் அத்தை அம்மாவிடமே கேட்டார்: "ஏனுங்க, உங்க புள்ள ஊரான் காசுல துணிக்கடை துணிக்கடையா ஏறி எறங்குதாமா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. "நீங்களும் அடுத்த வாரம் துணி எடுக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். எம் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க."

அன்றுதான் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. மறுபடி நாலு மாதம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், போன தடவை போல ஆசைப்பட்டு ஏமாறுவாள் என்று எழுதியிருந்தாள். நான் படித்துக் காட்டிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "எத்தனை பாயிண்ட் ஆச்சு?" என்றாள்.

முக்கால் பாகம் சேர்ந்திருந்தது. நிதானமாகச் சேர்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த மாதமே வங்கியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல்தான் கிடைக்கும். ஒரு வரியில் என் ஒன்றரை வருடத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் மீதியைச் சேர்த்து, படிவத்தைச் சென்னைக்கு அனுப்பியாக வேண்டும். அதுவோ ஆடி மாதம். எங்கேயும் கல்யாணம் இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு முதலாளியின் அறைக்குள் போனேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் அளந்துதான் பேசுவார். பத்து வருடத்தில் நான் அவரிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை.

"கம்பெனி வேன் ரெண்டுக்கும் டயர் மாத்தோணும்னு விலை விசாரிக்கச் சொல்லியிருந்தீங்க. அதை என்ற கார்டுல போட்டுக்கட்டுங்களா? நீங்க செக்கை எனக்குக் குடுத்தாப் போதுமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கம்பெனிச் செலவு எதுக்கம்மா உங்க கார்டுல வரோணும்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாயிண்ட், மைலேஜ், முதல் தேதி. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததையும் சொன்னேன். ஆறு நாள் இருந்த குழந்தை. யாராவது இருந்திருக்கலாம் என்று தங்கை சொன்னது.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பில் கம்பெனி பேர்ல இருக்கோணும்" என்றார். "வேன் டயரோட லாரி டயரையும் சேத்து மாத்திருங்க. தீவாளிக்கு மாத்தலாம்னு இருந்தேன். இப்பவே மாத்துனா ஒண்ணும் கெட்டுப்போகாது."

வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக டயர் கடைக்கு மூன்று தடவை போனேன். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது கணக்கு நிறைந்தது. படிவத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை. ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய், காலையில் வங்கி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு மதிய ரயிலில் திரும்பினேன்.

மைல் கணக்கில் ஏற ஒன்றரை மாதம் ஆனது. ஏறியதும் விமானக் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு பிளைட்டுல பாயிண்ட் டிக்கெட்டுக்குன்னு ரெண்டே சீட்டுதாங்க ஒதுக்குவாங்க. நீங்க கேக்கற மாசத்துல எல்லாம் போயிருச்சுங்க."

"யாராச்சும் கேன்சல் பண்ணினா?"

"அதை எப்படிங்க முன்னாடியே சொல்றது? வந்து வந்து பாருங்க."

வந்து வந்து பார்த்தேன். அலுவலகத்திலேயே டப்பாவைத் திறந்து நான்கு வாய் தின்றுவிட்டுப் பஸ் ஏறுவேன். போவேன், இல்லை என்பார், திரும்புவேன். மூன்றாவது வாரத்தில் நான் கதவைத் திறக்கும்போதே அவர் தலையை ஆட்டிவிடுவார். தங்கைக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தலையை ஆட்டாமல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பத்து நாள்ல ஒரு பிளைட்டு. ரெண்டு சீட்டும் காலியாயிருக்குங்க. ஆனாப் போறதுக்கு மட்டுந்தான். வர்றதுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு சீட்டும் இல்லை. சாயங்காலம் வரைக்கும் பிடிச்சு வெக்கறேன், கேட்டுட்டு வாங்க."

என் மைலேஜில் ஒருவர் போய் வரலாம். அம்மாவைத் தனியாக அனுப்புவது என்பதுதான் என் திட்டம். திரும்பி வர சீட்டே இல்லை என்றால் என்ன செய்வது? அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விவரத்தைச் சொன்னேன்.

"ஒருத்தர் போயிட்டு வாரதுக்கு வெச்சிருக்கற பாயிண்டுல ரெண்டு பேரு போக மட்டும் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"குடுப்பாங்க. ஆனா வாரதுக்கு?"

"கப்பல்தான்."

"கப்பலா?" என்றேன்.

"போறதுதான் அம்மணி அவசரம். புள்ளை பொறக்கறதுக்குள்ள போய்ச் சேரோணும். வாரதுக்கு என்ன அவசரம்? அது எத்தனை நாள் ஆட்டுனாலும் ஆட்டட்டும்." முறத்தைக் கீழே வைத்தாள். "நீயுந்தான் அவளைப் பாத்து மூணு வருசமாச்சு. இத்தனை நாள் அலைஞ்சவ நீ, ஒண்ணாப் போவோம். சாயங்காலம்னு சொன்னானில்ல, கெளம்பு."

சென்னையில் விடிந்ததும் விமானம். அம்மா அங்கேயும் கொங்குப் பேச்சு மாறாமல் பணிப்பெண்ணிடம், "ஏனுங்க அம்மணி, ஜன்னலைத் தொறக்கலாமுங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரிக்காமல், "முடியாதுங்கம்மா" என்றாள். இரண்டு மணி நேரம் கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா என் கையைப் பிடித்த பிடி விடவே இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

விமான நிலையத்துக்கு வெளியே தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா வருவதை மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். எங்கள் இருவரையும் பார்த்ததும், போனில் அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "அழுகாத கண்ணு, அதான் வந்துட்டமல்லோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாங்கள் போன பதினெட்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் முழுக்க அம்மா குழந்தையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. ஏழாம் நாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, இனி நான் ஊருக்குப் போகலாம் என்றாள். லீவு ஏற்கெனவே கடந்துபோயிருந்தது. நான் கப்பலேறினேன். மூன்று நாளும் வாந்தி எடுத்தேன். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளத்தை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அம்மா, தங்கை, குழந்தை மூவரும் கப்பலில் வந்தார்கள். நான் சென்னைத் துறைமுகத்தில் காத்திருந்தேன். கூட்டத்தில் அம்மா முதலில் இறங்கினாள். குழந்தையைத் தோளில் போட்டு, முந்தானையால் சுற்றியிருந்தாள். முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது.

"நெம்ப ஆட்டுச்சாம்மா?"

"ஆட்டுச்சு. இவளைக் கையில வெச்சிருந்தனா, பயப்படறதுக்கு நேரமில்லை" என்றாள். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டி, "இந்தா புடி, நாஞ் சித்த நேரம் உக்காரோணும்" என்றாள்.