சேமிப்பு வகுப்பில் அப்பா

காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம், மில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சேமிப்பு வகுப்பு எடுக்கப் பெண்பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் அங்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ராஜபாளையத்தில் எங்கள் தெருவைச் சுற்றியிருந்த குடியிருப்புகளில் வகுப்பு நடத்த வேண்டும். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் செலவு போக அம்மா கையில் கொடுக்க ஏதோ கொஞ்சம் மிஞ்சும்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பால்வாடியில்தான் வகுப்பு. பெண்கள் பாயில் உட்காருவார்கள். பத்தாவது முடித்துவிட்டு மில்லுக்குப் போகத் தொடங்கியிருந்த பிள்ளைகளும் வருவார்கள். பாஸ்புத்தகத்தை எப்படிப் படிப்பது, பணம் எடுக்கிற பாரத்தை எப்படி நிரப்புவது, நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு என்ன ஆகும், கையெழுத்துப் போடுமுன் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். அரிசி டப்பாவிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் ரூபாயைச் சுருட்டி வைத்திருந்தவர்கள் தபால் ஆபீசில் தங்கள் பேரில் கணக்குத் தொடங்கினார்கள். அதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வகுப்புக்குக் கரும்பலகையைச் சுமந்து வந்தது என் அப்பா. சைக்கிள் கேரியரில் சணல் கயிற்றால் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். ஆணியில் மாட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வார். இருபத்தெட்டு வருஷம் நூல் மில்லில் சைடராக இருந்தவர். ஓடுகிற மிஷினில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் இருமல் வந்தது. டாக்டர் வேலையை விடச் சொன்னார். வயசு முடியுமுன்னே கணக்கை முடித்துக்கொண்டு செட்டில்மென்ட் பணத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் பணம் பேங்கில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊருக்கே பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நான், எங்கள் வீட்டுப் பாஸ்புத்தகத்தை ஒருநாளும் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

வகுப்புக்கு வந்தவர்களில் பேண்டேஜ் துணி மடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இல்லை. அவள் கட்டிவந்த தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு சீட்டுக்காரன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டான். அவளே எழுந்து அதை வகுப்பில் சொன்னாள். மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

நான் அவளைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். எவ்வளவு கட்டினீர்கள், ரசீது வாங்கினீர்களா, அவன் எந்த ஊர் என்றாவது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "பேராசை பிடிச்சவங்கதான் ஏமாறுவாங்க. ஏமாத்துறவன் பாதி, ஏமாறுறவங்க பாதி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். மறுவாரத்திலிருந்து அவள் வரவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடிந்து பலகையைத் தள்ளிக்கொண்டு வரும்போது அப்பா சொன்னார்:

"அந்தப் பிள்ளையச் செத்த மெதுவாச் சொல்லியிருக்கலாம்மா."

பயம் இருந்தால்தான் மற்றவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர் சரி என்றார்.

பத்து நாள் கழித்து, அதே ரோட்டில், அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு கேள்வி கேட்டார். மில்லில் கூட வேலை பார்த்த ஒருத்தர் பைனான்ஸ் கம்பெனியில் பணம் போட்டிருக்கிறாராம், மாசம் பிறந்தால் வட்டி சரியாக வருகிறதாம், அது எப்படி என்று உன்னிடம் கேட்கச் சொன்னார் என்றார். நான் நடந்துகொண்டே பதில் சொன்னேன். பேங்க் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு வட்டி ஒருவன் கொடுக்கிறான் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டாமா என்றேன். புத்தியுள்ள எவனும் அதில் போடமாட்டான், உங்கள் கூட்டாளிக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லிர்றேன்" என்றார்.

அந்தக் கம்பெனி அப்போது நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்தால் முதலைத் திருப்பித் தந்துகொண்டிருந்தார்கள். யார் அந்தக் கூட்டாளி, எவ்வளவு போட்டிருக்கிறார், பாவம், சீக்கிரம் போய் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. பட்டாளத்தில் இருந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். அவர்கள் கேட்ட நகைக்கும் எங்கள் கையில் இருந்ததற்கும் தூரம் இருந்தது. ரெண்டு வருஷம் பொறுத்தால் செய்துவிடலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ரெண்டு வருஷத்தில் என்ன நடக்கப்போகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் மாசம் ஒரு தடவை புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்வந்தார். வரும்போது அம்மாவுக்குப் பூவும் எனக்குப் பால்கோவாவும் வாங்கி வருவார். ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்தப் பைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கின. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒன்று மூடியது. பூட்டிய கதவுக்கு முன்னால் காலையிலிருந்து ஜனங்கள் நிற்கிறார்கள் என்றும், போலீசுக்கு மனு எழுதத் தெரியாமல் தவிக்கிறார்கள் என்றும் எங்கள் நிறுவனத்துக்குத் தகவல் வந்தது. நிறுவனத்தை நடத்திவந்த அக்கா மனு ஒன்றைத் தயார் செய்து நகல் எடுத்தாள். மறுநாள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் வராந்தாவில் இரண்டு மேஜை போட்டார்கள். ஒரு மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ரசீது நம்பர், தொகை. கடைசியாக, எதற்காகச் சேர்த்த பணம் என்று ஒரு வரி. அதைப் படித்தாலாவது அதிகாரிகளுக்கு மனசு இரங்கும் என்று அக்கா நினைத்தாள்.

காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்கு ஓடு மாற்ற என்று ஒரு கிழவி சொன்னாள். பாதிப்பேருக்கு மேல் மகள் கல்யாணம் என்றுதான் சொன்னார்கள். கை வலித்தது. நிமிர்ந்து பார்க்காமலே எழுதப் பழகிவிட்டேன். முன்னால் இருந்தவர் எழுந்து போனார். அடுத்த ஆள் வந்து நின்றார்.

"பேரு சொல்லுங்க" என்றேன்.

மேஜைமேல் ஒரு ரசீதை வைத்து, அது பறக்காமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல்கள். அவற்றை எனக்குத் தெரியும். நான் நிமிர்ந்தேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. வீட்டில் அன்றைக்கும் கோயிலுக்கு என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியாது. வரிசையில் பாதித் தூரம் வந்த பிறகுதான் என்னைப் பார்த்தாராம். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாராம். போனால் ரசீது வீணாகிவிடுமே என்று நின்றுவிட்டார். இதெல்லாம் பின்னால் அவர் சொன்னது. அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எழுதும்மா. பின்னால ஆளுக நிக்காக."

நான் எழுதினேன். அவர் பெயரை, தாத்தா பெயரை, எங்கள் தெருவை எழுதினேன். ரசீதைப் பார்த்துத் தொகையை எழுதும்போது எனக்குக் கண் மங்கிவிட்டது. செட்டில்மென்ட் பணம் முழுவதும் அதில் இருந்தது. தேதியையும் பார்த்தேன். அந்தப் பெண்ணைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேனே, அதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பா மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"எல்லாரும் சொன்னதுதான். மக கல்யாணம்."

அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்த சில்லறையை எடுத்து நகலுக்கான காசை வைத்தார்.

வரிசை குறையாததால் மத்தியானம் வரை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் எதிரே டீக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ராஜபாளையத்துக்கு அரை மணி நேரம். மலைப்பக்கத்து ஜன்னலில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜபாளையத்தில் இருந்த ஆபீசில் போட்டால் உனக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டேன், புதன்கிழமை கோயில் என்று வந்ததெல்லாம் வட்டி வாங்கத்தான் என்றார். நான் கேட்டேன்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைய நீ நிக்க வச்சுக் கேட்டப்ப நானும் அங்கதான இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டோம். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மறுநாள் பேண்டேஜ் கம்பெனிக்குப் போய், வீட்டில் வைத்து மடிக்க வழக்கம்போல ஒரு கட்டு வாங்குகிறவள் இரண்டு கட்டு வாங்கிவந்தாள். வத்திராயிருப்புச் சம்பந்தம் தானாகவே நின்றது. அதற்காக நான் அழவில்லை. அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய், வாக்குத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்தபோதுதான் அழுதேன்.

மூச்சு வாங்குகிற அந்த மனுஷன் ஒரு மில்லில் கேட் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். தூசி இல்லாத வேலை என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார். கரும்பலகையை மட்டும் எப்போதும்போல வகுப்புக்குக் கொண்டுவந்து மாட்டினார். ஆனால் உள்ளே உட்காரவில்லை. மாட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் விரித்தாள். அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அதெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது என்றாள். பிறகு, "அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பாவோடு பேசியிருக்கிறீர்களா என்று கேட்டேன். வகுப்பு நடந்த மறுநாளே அப்பா அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் மகள் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருக்கிறார். அவள் அழுதிருக்கிறாள். அவளைத் தேற்றுவதற்காக, தானும் பைனான்ஸில் போட்டிருப்பதை அவளிடம் சொல்லியிருக்கிறார். உலகத்திலேயே அவளிடம் மட்டும்.

"மகட்டச் சொல்லுங்கண்ணே, அது படிச்ச பிள்ளை, வழி சொல்லும்னு சொன்னேன்" என்றாள். "சொல்லுறேன்னுதான் போனாக. பொறவு சொன்னாகளா?"

சொன்னார் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சொல்லத்தான் வந்தார். கூட்டாளி ஒருத்தர் என்று தொடங்கினார். நான்தான் அதற்குமேல் சொல்ல விடவில்லை.

வாட்ச்மேன் வேலையில் அப்பா ஒன்றரை வருஷம் இருந்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரி. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, நான் போகும்போதெல்லாம் மனு என்ன ஆயிற்று என்று கேட்பார். கோர்ட்டில் இருக்கிறது, சொத்தை ஏலம் விடப்போகிறார்களாம், வந்துவிடும் என்பேன். அப்படி எந்தச் செய்தியும் எனக்கு வரவில்லை. வந்தால் அம்மா பேரில் தபால் ஆபீசில் போட்டுவிடு என்பார். சரி என்பேன்.

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்ட மன்னிப்பை நான் அவரிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், கேட்டால் அழுதுவிடுவார், அழுதால் மூச்சு முட்டும் என்று பயந்து, மனுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தபோது, அவர் இறந்துபோனார்.