ஆடியில் சேர்ந்த சமையல்காரி

சௌந்தர்யாவுக்கு ஆடி மாதம் என்றால் முன்பெல்லாம் துணிக்கடைத் தள்ளுபடிதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆடியில் நல்ல காரியம் கூடாது, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதி. பெண்கள் இல்லத்துக்கு வார்டனாகப் போன பிறகுதான் அந்த மாதம் அவள் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.

பத்தாவது முடித்ததும் ஷூ கம்பெனிக்குப் போனவள் அவள். தையல் பிரிவில் மெஷின். அவள் போட்ட தையலை ஒருநாளும் பிரிக்கச் சொன்னதில்லை என்று சூப்பர்வைசர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் யார் வெயில் காலத்திலும் துப்பட்டாவை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். கேட்கமாட்டாள். பக்கத்தில் போய் உட்காருவாள். நாலு நாள் கழித்து அந்தப் பெண்ணே பேசும். அப்புறம் ஒரு சாயங்காலம் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

"இன்னாடி இது, நம்ம வீட்ல பாய் விரிக்க எடம் இல்ல, நீ பஸ்ஸையே கொண்டாந்து நிறுத்துற," என்பான் அவள் புருஷன் ராஜேஷ். சொல்லிவிட்டு அவனே மொட்டைமாடிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போவான்.

அப்படி இருக்கும்போதுதான் பேரூராட்சியில் அந்தத் தீர்மானம் வந்தது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், எதற்குச் சான்றிதழ் வாங்கினாலும் இருபது ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தில், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் வருகிற பெண்கள் தங்க ஒரு வீடு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சௌந்தர்யாவைக் கூப்பிட்டு வைத்தார்கள். கம்பெனியில் கிடைத்ததைவிடச் சம்பளம் கம்மி. அவள் யோசிக்கவில்லை.

சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலில் பஞ்சாட்சரம் உட்கார்ந்திருப்பார். திட்டு முழுவதும் அவருக்குத்தான்.

"என் கல்யாணத்துக்கும், எவனோ பொண்டாட்டிய அடிக்கிறதுக்கும் இன்னா சார் சம்மந்தம்?"

"சம்மந்தம் வராம இருக்கட்டும்னுதான்யா இருபது ரூபா. சில்லறையா குடு."

ஆனால் பேரூராட்சியில் யாரும் யோசிக்காதது ஒன்று இருந்தது. பிறப்புச் சான்றிதழுக்குக் கூட்டம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மட்டும். சாவு எல்லா மாதமும் வரும், ஆனால் சாவை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது. வாடகையும் அரிசியும் கல்யாணத்தில்தான் இருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. அதே ஆடியில்தான் புதுப்பெண்கள் தாய்வீட்டுக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் ஒரு மாதம் அடி இல்லாமல் இருந்து பார்க்கிறார்கள். மாதம் முடிகிற நேரத்தில், திரும்பிப் போகமாட்டேன் என்கிறார்கள். பணம் வற்றுகிறபோது வீடு நிறையும்.

மற்ற வருஷங்களில் ஆடியிலும் நிக்காஹ் நடக்கும், எப்படியோ ஓட்டிவிடுவாள். அந்த வருஷம், நிக்காஹ் வைக்காத முஹர்ரமும் ஆடியும் சேர்ந்து வந்தன. ஊரில் ஒரு மேளச் சத்தம் கிடையாது. மண்டபங்களின் வாசலில் நாய் படுத்திருந்தது.

சமையல் செய்துகொண்டிருந்த அன்வரி பேகம், சம்பளம் நின்றுபோனதும் ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டாள். போகும்போது சௌந்தர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே பேஜாராகீதும்மா. இன்னா பண்றது, அடுப்பு எனக்கும் எரியணும்ல," என்றாள். கோபித்துக்கொள்ள சௌந்தர்யாவுக்குத் தெம்பு இல்லை. அவளே காலையில் உலை வைத்தாள். மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் பெண்களோடு அலைந்தாள். சாயங்காலம் மறுபடி உலை. கடைசி வாரத்தில் பேரூராட்சியிலிருந்து தாக்கீது வந்தது. இருக்கிறவர்கள் இருக்கலாம், ஆவணி பிறந்து பணம் வரும்வரை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

தாக்கீது வந்த மறுநாள் நந்தினி வந்தாள்.

மாதனூர்ப் பக்கத்துப் பெண். தை மாதம் கல்யாணமாகி அணைக்கட்டு என்கிற ஊருக்கு வாழப்போனவள். ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ஆடி வந்துதான்க்கா நான் தூங்குனேன். இன்னும் அஞ்சாறு நாள்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க. அம்மா பட்சணம் சுட ஆரம்பிச்சிட்டாங்க."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எல்லா ஆம்பளயும் கொஞ்சம் கோவக்காரந்தான்னாங்க."

சௌந்தர்யா அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு பேரூராட்சிக்கு நடந்தாள். ஜன்னலில் கூட்டமே இல்லை. பஞ்சாட்சரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு பொண்ணு."

"ஒனக்குத் தெரியாததாம்மா? மேல எழுதிட்டாங்க. ஆவணி மொத முகூர்த்தம் வரட்டும், ஜன்னல்ல தள்ளுமுள்ளு ஆகும். அப்ப நானே சொல்லி வாங்கித் தர்றேன்."

"மொத முகூர்த்தத்துக்குள்ள அந்தப் பொண்ணு அணைக்கட்டுக்குப் போயிடும் சார். இந்தத் தடவ போனா அடுத்த ஆடிக்கு வருதோ இல்லையோ."

பஞ்சாட்சரம் திறந்திருந்த பதிவேட்டை மூடி வைத்தார். அவருக்கும் பெண் இருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் ஆவணிக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பிரியாணியோ பாயசமோ ஞாபகம் வரும். சௌந்தர்யாவுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, இந்த மாத அரிசி. இன்னொன்று, இதிலிருந்து எவள் வரப்போகிறாளோ. இந்த வேலைக்கு வந்து அவள் மனசு அப்படி ஆகிப்போனது. அதை நினைத்துக் கொஞ்ச தூரம் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

இல்லத்துக்குள் நுழைந்தபோது, பெண்களோடு வந்திருந்த குழந்தைகளுக்குச் சோறு போட்டாகியிருந்தது. சௌந்தர்யா வர நேரமாகிறதே என்று, யாரும் சொல்லாமலே, நந்தினி உலை வைத்து இறக்கி, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். சௌந்தர்யா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

மறுபடியும் பேரூராட்சிக்குப் போனாள்.

"சார், சமையல்காரி போய்ட்டாங்க, தெரியும்ல. வேற ஒருத்தர வெச்சுட்டேன். சம்பளம் ஆவணிலேருந்து. அடுப்படிலயே படுத்துக்கும்."

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

"நல்லா சமைக்குதா?"

"சுமாரா சமைக்குது."

"சுமாரா போதும். நீ வந்ததே எனக்குத் தெரியாது. போ."

விஷயம் மாதனூருக்குப் போய்ச் சேர நேரம் ஆகவில்லை. ஆடி முடிய ஒருநாள் இருக்கும்போது நந்தினியின் அம்மா செல்லம்மாள் வந்து இறங்கினாள். காய்ந்த உடம்பு, கையில் ஒரு ஒயர் கூடை. உள்ளே வந்ததும் மகளைப் பார்க்கவில்லை, சௌந்தர்யாவைத்தான் பார்த்தாள்.

"நாளான்னிக்கு மாப்பிள்ள வீட்ல வந்து நிப்பாங்க. நான் இன்னா சொல்றது? தெருவுல நாலு பேரு கேட்டா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது? நீங்க பாட்டுக்குப் பொண்ண உள்ள வெச்சிக்கினா ஆச்சா?"

"நான் வெச்சிக்கலம்மா. வேல குடுத்திருக்கேன். பொண்ணு வேலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

"கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு எதுக்கு வேலைக்குப் போவுதுன்னு கேப்பாங்க."

"கம்பெனி பஸ்ல தெனம் போறதெல்லாம் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களா?"

செல்லம்மாள் ஒயர் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு குரலை இறக்கி, "சின்னச் சின்ன சண்ட எல்லா வீட்லயும்தான். ஒரு கொழந்த பொறந்தா சரியாப் போய்டும். கூட்டிக்கினு போறேன், வுடுங்க," என்றாள்.

"அவளக் கேளுங்க. வர்றேன்னா நான் தடுக்கமாட்டேன்," என்றாள் சௌந்தர்யா. அதுதான் இல்லத்துச் சட்டம். இப்படிக் கேட்கச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு கூடவே போன பெண்களை அவள் பார்த்திருக்கிறாள்.

அம்மா மத்தியான வெயிலில் வந்திருக்கிறாள் என்று நந்தினி தட்டைப் போட்டாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். செல்லம்மாள் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு கம்மிடி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எந்த அம்மாவும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நந்தினியின் கை விருட்டென்று மேலே போய் முகத்தை மறைத்தது. கரண்டி தரையில் விழுந்து உருண்டது. தோளைச் சுருக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக்கி மூடி நின்றாள்.

யாரும் எதுவும் செய்யவில்லை என்று தெரிந்ததும் கையை மெல்ல இறக்கினாள். குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவப் போனாள்.

செல்லம்மாள் மகள் போன பக்கமே பார்த்தாள். அப்புறம் தட்டிலிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எழுந்து தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். ஒயர் கூடையிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"அவங்களுக்குன்னு சுட்டது. நீயே வெச்சிக்கோ. இங்க இருக்கற பசங்களுக்கும் குடு."

சௌந்தர்யா கேட் வரை கூடப் போனாள். இரவெல்லாம் தூங்காமல் கண் எரிந்தது. இனி அணைக்கட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள், அதற்கு ஸ்டேஷனில் சொல்லிவைக்க வேண்டும், சாயங்கால அரிசிக்குக் கடைக்காரனிடம் நிற்க வேண்டும் என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

செல்லம்மாள் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சம்பளம் நெஜமாவே தருவீங்களா? இல்ல, நான் சொல்லிக்கிறதுக்குத்தானா?"

"ஆவணில கல்யாணம் நடந்தா தர்றோம்மா."

செல்லம்மாள் தலையை ஆட்டினாள்.

"நடக்கும். எங்க தெருவுலயே ரெண்டு இருக்குது," என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.