ஆம்பளை நின்றால் நிற்கும் பஸ்

ஆரோக்கியசெல்விக்கு வயது நாற்பத்து மூன்று. திண்டிவனத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் சமையல்கட்டு வேலை. ஏழரைக்குள் முதல் ஈடு இட்லி இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பெண்கள் வெறும் வயிற்றோடு ஆபீசுக்கும் கடைக்கும் ஓடுவார்கள்.

அதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் நிலம்தான். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுப்பது, கரும்புக்குச் சோகை உரிப்பது, நடவு. டவுனில் வேலை இருக்கிறது என்று தெரியும். ஆனால் பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பார்த்தால் வீட்டிலேயே இருப்பது மேல் என்று தோன்றும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் அறிவித்த பிறகுதான், காலனியிலிருந்து முதல் ஆளாக அவள் திண்டிவனத்துக்கு வேலை தேடிப் போனாள். நிலத்தில் அவளை "ஏய்" என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். விடுதியில் பட்டதாரிப் பெண்கள் "செல்வி அக்கா, இன்னொரு கரண்டி சட்னி" என்றார்கள். அந்த ஒரு "அக்கா"வுக்காகவே அவள் அந்த வேலையை உயிராக வைத்திருந்தாள். புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், நினைத்தால் வருவான்.

காலை ஆறு நாற்பதுக்கு வரும் டவுன் பஸ் முதலில் ஊர்த் தெருவில் நிற்கும், அடுத்தது காலனி. ஊர்த் தெருவில் ஒரே ஒரு அம்மாள் கையைத் தூக்கினாலும் நிற்கும். முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் ஏறும் வரைக்கும் காத்திருக்கும். காலனியில் மூன்று பெண்கள் நின்றால் காற்றாய்ப் பறக்கும். அதற்கு ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றும் இல்லை. ஒருமுறை மட்டும் டிரைவர் டீக்கடையில் யாரிடமோ, "காலனியில நிக்கிறது மூணு ஓசி டிக்கெட்டு. அதுக்கு நான் பிரேக் போடணுமா?" என்று கேட்டது காற்றுவாக்கில் காலனிக்கு வந்து சேர்ந்தது. ஊர்த் தெரு அம்மாள் மட்டும் காசு கொடுத்தா ஏறுகிறார் என்று அந்த டீக்கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

காலனியில் ஒரு ஆம்பளை நின்றால் மட்டும் பஸ் நிற்கும். அவர் காசு கொடுத்து ஏறுகிறவர் அல்லவா? இதைக் கண்டுபிடித்தது துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் இசைவாணி. கண்டுபிடித்த மறுநாளே பெண்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆரோக்கியசெல்வியின் மூத்தார், புருஷனின் அண்ணன் சவுரிராயன், முழங்கால் வலியால் கொத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அவரைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினார்கள். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கையை நீட்டுவார். பஸ் நிற்கும். பெண்கள் ஏறிக்கொள்வார்கள். ஏதோ மறந்துவிட்டவர்போல அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்.

இரண்டு மாதம் இந்த நாடகம் ஓடியது. சவுரிராயனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொடுத்தால்தான் வருவேன் என்றார். ஒருநாள் கண்டக்டர் படியில் நின்றபடியே கேட்டுவிட்டார்:

"பெரியவரே, நீங்க என்னைக்குத்தான் ஏறப்போறீங்க?"

"நாளைக்கி" என்றார் சவுரிராயன், கொஞ்சமும் அசராமல்.

மறுநாளிலிருந்து அவர் நின்றாலும் பஸ் நிற்கவில்லை. வேறு ஆண்களைத் தேட வேண்டியிருந்தது. காலை ஆறு நாற்பதுக்குச் சும்மா இருக்கும் ஆம்பளை காலனியில் எங்கே கிடைப்பான்? ஆரோக்கியசெல்வி ஹைவேஸ் வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, இரண்டு தடவை எட்டு மணிக்குப் போய் நின்றாள். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமியம்மாள் கெட்டவர் இல்லை. "செல்வி, நானும் முதலாளிக்குப் பதில் சொல்லணும்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை அவள் லீவு சொல்லிவிட்டு, குறை கேட்கும் நாளென்று விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். வாசலில் மனு எழுதுகிறவர், "தாங்கள் கருணை கூர்ந்து, ஏழைகளாகிய எங்கள்மேல் இரக்கம் வைத்து" என்று ஆரம்பித்தார்.

"கருணைலாம் வேணாங்க. அத்த அடிச்சிடுங்க. ஸ்டாப்பிங் லிஸ்ட்ல எங்க காலனி பேரு கீது. இது கவர்மெண்டு காசுல ஓடுற பஸ்ஸு. ஆளப் பாத்து, தெருவப் பாத்து நிக்கக் கூடாது. அத்த எழுதுங்க."

அவர் இவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சொன்னபடியே எழுதிக் கொடுத்தார்.

இருபது நாளில் போக்குவரத்துக் கழக அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. "மேற்படி நிறுத்தத்தில் நேரடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. பேருந்து முறையாக நின்று செல்வது உறுதிசெய்யப்பட்டது." இசைவாணி அதைச் சத்தமாகப் படித்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் சுகர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும் மூன்றாமவள் அம்மணிக்கு நினைவு வந்தது. போன வாரம் பேண்ட் சட்டையும் தோள்பையுமாக ஒருவர் வந்து நின்றாரே! விதைக் கம்பெனி ஆள் என்று நினைத்தார்கள். இன்றைக்கு ஓசியில் ஒரு ஆம்பளை கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். பஸ்ஸும் பவ்வியமாக நின்றது. அவர்தான் ஆய்வுக்கு வந்தவர்.

"நல்லா இருப்பானு அந்த ஆள நான் வாழ்த்தினேன்டி" என்றாள் அம்மணி. சிரிக்க ஆரம்பித்த ஆரோக்கியசெல்விக்குப் பாதியில் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் பட்டதெல்லாம் ஒரு பேண்ட் சட்டை வந்து நின்றதும் பொய்யாகிப்போனதே!

கடிதத்தின் அடியில் இருந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள்.

"ஆய்வுக்கு வந்தவரு ஆம்பளைங்க. அவரு நின்னா நிக்கத்தான் செய்யும். ஒரு பொம்பளைய அனுப்பிப் பாருங்க."

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் பானுப்ரியா, "மேலதிகாரிகிட்ட கேட்டுக்கினு நானே வர்றேங்க. வியாழக்கிழமை. நான் யாருன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் லட்சுமியம்மாள் சொல்லிவிட்டார்: "நாளைக்கு முதலாளியே காலையில வர்றாரு. நாளைக்கும் லேட்டுன்னா நீ வர வேணாம். என்னால ஒண்ணும் பண்ண முடியாது செல்வி."

வியாழக்கிழமை காலை பானுப்ரியா சாதாரணப் புடவையில், ஸ்கூட்டியைச் சர்ச் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து, பெண்களோடு நாலாவதாக நின்றாள். சவுரிராயனும் வந்துவிட்டார். கண்டக்டருக்கு அடையாளம் தெரியாமலிருக்க யாருடைய தொப்பியையோ வாங்கி மாட்டிக்கொண்டு, கையில் ஒரு சூட்கேஸ் வேறு.

"வேல போயிடும்னு இசைவாணி சொல்லிச்சு. நான் நிக்கிறேன். நீ போயிக்கினே இரு" என்றார்.

ஆரோக்கியசெல்வி அவரைத் தனியாகக் கூட்டிப் போனாள். "மாமா, இந்த வேஷத்துல நீங்க நின்னா பஸ்ஸு நிக்கும். நின்னா அந்தம்மாவும் 'சரியாத்தான் கீது'ன்னு எழுதிக்கினு போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் நாம ஆம்பளையத் தேடிக்கினு நிக்கணும். நீங்க வீட்டுக்குப் போங்க."

"வேலைக்கு இன்னா பண்ணுவ?"

அவள் சூட்கேஸை அவர் கையிலிருந்து வாங்கி வேலியோரம் வைத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஊர்த் தெருவில் ஹாரன் கேட்டது. பஸ் நிற்கக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். அதே மூச்சில், நின்றுவிடாதா என்றும் ஏங்கினாள். விடுதி அடுப்பும், வரிசையாகத் தட்டேந்தி நிற்கும் பெண்களும் கண் முன்னால் வந்தார்கள். கையை மட்டும் நன்றாக நீட்டினாள். நீட்டாமல் விட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. பானுப்ரியாவும் நீட்டினாள். டிரைவர், பின்னால் வேறு வண்டி வருகிறது என்பதுபோல விரலைக் காட்டிவிட்டு அழுத்தினார். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. அடுத்த பஸ் ஒன்பதே காலுக்குத்தான்.

பானுப்ரியாவின் முகமெல்லாம் புழுதி. எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தாள். "எனக்கே இப்படின்னா..." என்று ஆரம்பித்தவள், பக்கத்தில் நின்ற மூன்று பேரையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மூவரும் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி முடிக்க ஏழே கால் ஆகிவிட்டது. "ஏறுங்கக்கா, நான் உட்டுடறேன்" என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

விடுதிக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு ஐம்பது. முதலாளி வந்து போயிருந்தார். சமையல்கட்டில் வேறொரு பெண் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா வாசலில் நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். லட்சுமியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்ட்டுட்டாவது போ செல்வி" என்றார். அவள் சாப்பிடவில்லை. நாலு தெரு தாண்டிய பிறகுதான் அழுதாள்.

பத்து நாள் கழித்து டிரைவருக்கு மெமோ வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதை நம்பலாமா வேண்டாமா என்று காலனிக்குத் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை, வேறு வேலை தேடிப் போகலாம் என்று ஆரோக்கியசெல்வி மறுபடியும் வந்து நின்றாள். பக்கத்தில் இசைவாணி, அம்மணி. பஸ் வந்தது. வேகம் குறைந்தது. சரியாக அவர்களுக்கு எதிரில் படி வருகிற மாதிரி வந்து நின்றது.

மூவரில் ஒருவரும் ஏறவில்லை. எந்த ஆம்பளை வந்து நிற்கிறான் என்று மூன்று பேரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ரோட்டில் ஒருவரும் இல்லை.

"ஏறுங்கம்மா, உங்களுக்குத்தான் நிறுத்தியிருக்கு" என்றார் கண்டக்டர்.

ஆரோக்கியசெல்விதான் முதலில் ஏறினாள்.