சந்தனம் வைத்த துப்பாக்கி

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை போட்ட கேக்குக்குக்கூட அனுமதி கிடையாது. கரப்பான்பூச்சியை அப்பா முறத்தில் ஏந்திக்கொண்டுபோய்ப் பால்கனி வழியாக வழியனுப்பி வைப்பார். அப்படிப்பட்ட வீட்டில், மயூர் விஹாரில் நான்காவது மாடி ஃப்ளாட்டில், அம்மாவின் இரும்பு பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு வேட்டைத் துப்பாக்கி நின்றுகொண்டிருந்தது. அது நிற்பதற்காக அம்மா ஒரு தட்டையே கழற்றிவிட்டிருந்தாள். அந்தத் தட்டின் இழப்பைப் பற்றி நான் பிறந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன்.

துப்பாக்கி தாத்தாவுடையது. தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, பாபநாசம் மலைப்பக்கம் காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்தவர். அவருடைய வேலையில் மனம் மகிழ்ந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தாத்தாவின் தோளையும் கையையும் அளவெடுத்து அனுப்பி, சட்டை தைப்பதுபோல அவருக்கென்றே சீமையில் செய்வித்துக் கொடுத்த துப்பாக்கி இது. இது அப்பா சொல்லும் வரலாறு. தாத்தா காலமான பிறகு பாகப் பிரிவினையில் பெரியப்பா, “வீடு வேணுமா, துப்பாக்கி வேணுமா” என்று கேட்டாராம். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார் என்பது என் ஊகம். அப்பா யோசிக்காமல் துப்பாக்கி என்று சொல்லிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் முன்வாசல் பின்வாசல் வைத்த வீடு பெரியப்பாவுக்குப் போயிற்று. மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, புது மனைவியோடும் துப்பாக்கியோடும் டெல்லி வந்து சேர்ந்தார்.

“எல்லாரும் பாகத்துல வீடு வாங்குவாவ, வயல் வாங்குவாவ. ஒங்க அப்பா ஒரு கம்பு வாங்கிட்டு வந்தாவ” என்பாள் அம்மா. யார் வந்தாலும் சொல்வாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையாவிடம் இதையே இந்தியிலும் சொல்லியிருக்கிறாள்.

அப்பா அந்தத் துப்பாக்கியால் ஒரு நாளும் சுட்டதில்லை. ஆனால் அதற்குச் செய்யும் உபசாரத்துக்குக் குறைவில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முதல், தேர்தல் வந்தால் போதும், ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்பா அதைக் கான்வாஸ் உறையில் போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வீடு திரும்பி, சரியாகச் சாப்பிடாமல் உலாத்துவார். தேர்தல் முடிந்து கொண்டுவரும் அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொல்வார். “தலைப்பிரசவத்துக்கு அனுப்பி வச்ச மாதிரில்லா பண்ணுதாவ” என்பாள் அம்மா, முந்திரியை வறுத்துக்கொண்டே.

ஆயுத பூஜை அன்று கேட்கவே வேண்டாம். ஸ்கூட்டர், மிக்சி, அரிவாள்மணை, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு என்றால், துப்பாக்கிக்கு மூன்று பொட்டு. குழாயின் மேல் வரிசையாகக் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. பின்கட்டையின் அடியில் பதித்திருந்த சின்ன வெள்ளித் தகட்டை அப்பா விபூதி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தார்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்த பிறகுதான் சிக்கல் வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில், வயதான காலத்தில் வாரிசு பெயருக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாரிசு என்றால் நான்தான், ஒரே பெண். காலையில் மெட்ரோ பிடித்து லோதி ரோடு அலுவலகத்துக்குப் போய், சாயந்திரம் வந்து அம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கும் எனக்குத் துப்பாக்கி எதற்கு? நான் அப்பாவிடம் ஒரு பேச்சு பேசினேன்.

“இது தாத்தாவுக்குன்னே செஞ்சதுன்னு தெரிஞ்சா நான் எம்பேருக்கு வாங்கிக்கிடுதேன். இல்லேன்னா வித்துரணும். சம்மதமா?”

“இதுல என்னட்டி பந்தயம்? தெரிஞ்ச விஷயந்தானே” என்றார் அப்பா. கைமட்டும் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டது. தட்டு திரும்பக் கிடைக்கப்போகிறது என்று அம்மா அப்போதே புடவைகளை மனசில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை துப்பாக்கியையும் லைசென்ஸையும் காரில் வைத்துக்கொண்டு, கஷ்மீரி கேட் பக்கம் துப்பாக்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். சொசைட்டி வாசலில் காவலாளி உறையைப் பார்த்து, கிட்டாரா என்று கேட்டான். அப்பா, “வீணை” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு ஏறினார்.

கடைக்காரர் ஒரு பஞ்சாபி அம்மாள். அறுபது வயதிருக்கும். கணவருக்குப் பிறகு கடையை அவர்தான் நடத்துகிறார் என்பதை, நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிகளில் துப்பாக்கிகள், மேசையில் சமோசா, தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி. அப்பா கான்வாஸ் உறையை அவிழ்த்தார். அந்த அம்மாள் சமோசாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அச்சா” என்றார் முதலில். நல்ல அச்சா. வால்நட் கட்டை, கையால் செதுக்கிய பிடி, நுனியில் கொம்பால் செய்த பூண். கடையில் அடுக்கி விற்கிற சாமான் இல்லை, யாரோ ஒருவர் சொல்லிச் செய்தது என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில், நான் பிறந்ததிலிருந்து செய்த கேலிக்கெல்லாம் வட்டியும் முதலும் இருந்தது.

“செய்த கம்பெனி பெயர் எங்கே?” என்று தேடினார் அந்த அம்மாள். குழாயின் மேல் பூதக்கண்ணாடியை ஓட்டினார். நிறுத்தினார். இந்தியில் கேட்டார். “பாபூஜி, இந்த மூன்று வட்டம் என்ன? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் துரு தின்றிருக்கிறது. வரிசையாக, அளவெடுத்து வைத்த மாதிரி. இப்படி ஒரு துருவை நான் பார்த்ததே இல்லை.”

நானும் எட்டிப் பார்த்தேன். மூன்று பொட்டு. இரும்பு வட்டமாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் ஓர் ஆங்கில எழுத்தின் கால் மட்டும் மிச்சம். வருஷா வருஷம் ஈரச் சந்தனத்தை இராப்பொழுது முழுக்க ஊறவிட்டதற்கு வேறு என்ன நடக்கும்? நான்தான் பூஜை விஷயத்தை விளக்கினேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, எங்களையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தார்.

அடுத்தது வெள்ளித் தகடு. சொந்தக்காரர் பெயரின் முதலெழுத்துகளை அதில்தான் வெட்டுவார்களாம். துப்பாக்கியைத் திருப்பினார். தகடு பளபளவென்று மின்னியது. ஒன்றுமே இல்லை. விபூதியின் வேலை. செய்தவன் பெயரைச் சந்தனம் தின்றது, வைத்திருந்தவர் பெயரை விபூதி தின்றது. பக்தியில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆளில்லை.

“பெயர் இருந்தால் நானே நாலு சேகரிப்பாளர்களுக்கு ஃபோன் போட்டிருப்பேன். இப்போது ஒரு பழைய ஸ்கூட்டி விலைகூட வராது” என்றார் அந்த அம்மாள்.

“விலை கெடக்கட்டும்” என்றார் அப்பா தமிழிலேயே. பிறகு இந்திக்கு வந்து, “என் அப்பாவின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. அதைக் கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டார்.

அது முடியும் என்றார். எழுத்தைத் தேய்க்கலாம், மரத்தின் வளைவைத் தேய்க்க முடியாது. துப்பாக்கியை மேலிருந்து பார்க்கும்படி பிடித்துக்காட்டினார். பின்கட்டை நேராக இல்லை, இடது பக்கமாகத் துளி வளைந்திருந்தது. கன்னம் வைக்கும் மேடும் வலப்புறம் இருந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இரண்டும் நேர்மாறாக இருக்குமாம். அப்பாவைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். வலது தோளில் வைத்தபோது அப்பாவின் கண் குறிக்கு வரவே இல்லை, கோழி மாதிரி கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. இடது தோளுக்கு மாற்றியதும் கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது.

“இடது கைக்காரருக்காகச் செய்தது. உங்கள் அப்பா இடது கைக்காரரா?”

அப்பா துப்பாக்கியை இறக்கினார். “வலது கை” என்றார். “வலது கைலதான் எழுதுவாவ. வலது கைலதான் சாப்பிடுவாவ.” இதை என்னிடம் சொன்னார், அந்த அம்மாளிடம் அல்ல. தாத்தா சுட்டு அப்பா பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வந்தவர்.

வேறு யாரோ ஒருவருக்குச் செய்தது, கைமாறி வந்திருக்கும் என்றார் அந்த அம்மாள். இரக்கத்தோடுதான் சொன்னார். சமோசாவும் கொடுத்தார். விற்பதானால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் அப்பா உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யமுனைப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பந்தயம் கட்டியது நான், ஜெயித்ததும் நான், எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷன் வீட்டை விட்டுவிட்டு அப்பாவின் தோளை எடுத்துக்கொண்டு வந்ததாக ஆயுசு முழுக்க நினைத்திருக்கிறார். அது யாரோ ஒரு துரையின் தோள் என்று தெரிந்த பிறகு என்ன ஆவார்?

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததுமே, “என்ன, கம்பு எவ்வளவு போவுமாம்?” என்றாள். அப்பா நேரே உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். தட்டு போட்டும் சாப்பிட வரவில்லை. நான் அடுக்களையில் வைத்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். பொட்டையும் விபூதியையும் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இடது தோளைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

“ஏங்க, மாமா இடது கைக்காரவல்லா?”

அப்பா நிமிர்ந்தார். “யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நான் பாத்தேன். பாக்கு வெட்டும்போது பாக்குவெட்டிய இடது கைலதான் புடிப்பாவ. அந்தக் காலத்துல பிள்ளைய இடது கைல எழுதவிடுவாவளா? அடிச்சு மாத்திருப்பாவ. சோறும் எழுத்தும் வலது கை, மத்த வேலையெல்லாம் இடது கை. பெத்த அப்பாவப் பத்தி நான் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க. இதுல பெரிய லாட்சாப், தொரைன்னு நெனப்பு.”

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, “சவரக்கத்தி” என்றார். “சவரக்கத்திய இடது கைலதான் புடிச்சாவளோ? ஆமா. இடது கைதான். கண்ணாடில பாத்ததுனால எனக்கு மாறித் தெரிஞ்சிருக்கு.”

“பொறவு என்ன? வாங்க சாப்பிட. ஜல்தி, ரசம் ஆறிப்போச்சு.”

அப்பா இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டார். மோருக்கு வரும்போது, தாத்தா அரிவாளையும் இடது கையில்தான் பிடிப்பார் என்று ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டு எழுந்து, “அப்ப எப்பட்டி அப்ளிகேஷன் போடப்போற?” என்று என்னைக் கேட்டார். பேச்சு பேச்சுதானே, போடுகிறேன் என்றேன்.

அவர் படுக்கப் போனதும் நான் அம்மாவிடம் கேட்டேன். “தாத்தா நெஜமாவே இடது கையாம்மா?”

அம்மா பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு எப்படித் தெரியும்? மாமா முன்னால நான் தல நிமுந்ததே கெடையாது. கையவா பாத்துட்டு இருந்தேன்?”

“பின்ன ஏம்மா அப்படிச் சொன்ன? வித்திருந்தா ஒனக்குத் தட்டு கெடச்சிருக்கும்லா.”

“தட்டு கெடைக்கும். ஒம்பேருக்குத்தானே மாத்துத. இனிமே அது ஒம் பீரோல நிக்கட்டும்” என்றாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். “பாகம் பிரிச்ச அன்னைக்கு ஒங்க அப்பா எங்கிட்ட வந்து கேட்டாவ. ‘வீடு போனா வேற கெட்டிக்கிடலாம், இது எங்கப்பா தோளு, விட்டுட்டு வர மனசில்ல, ஒனக்குச் சம்மதமா’ன்னாவ. அழுதாவ. நான் சரின்னேன். அன்னைக்கு நான் சரின்னது தப்புன்னு இன்னைக்கு ஒரு கடைக்காரி சொல்லணுமா?”

இத்தனை காலமும் கம்பு கம்பு என்று அவள் கேலி செய்த பேரத்தில் அவளும் பங்காளி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கை ஈரமாக இருக்கிறது, போ அந்தப் பக்கம் என்று விரட்டினாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கி என் பீரோவிலிருந்து வந்தது. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நெருங்கியபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மிச்சமிருக்க எழுத்தையும் தின்னுராதிய. உறைமேல வைங்க” என்றாள். அப்பா உறைக்கு மூன்று பொட்டு வைத்தார். பிறகு ஒரு ஃபோட்டோ எடு என்று என்னிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தூக்கி இடது தோளில் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்து, மிக்சிக்கும் அரிவாள்மணைக்கும் நடுவே நிமிர்ந்து நின்றார்.

“எப்படிட்டி இருக்கு?” என்றார் அம்மாவைப் பார்த்து.

“அப்படியே மாமாவப் பாத்த மாதிரி இருக்கு” என்றாள் அம்மா, குனிந்து குங்குமச் சிமிழை மூடிக்கொண்டே.