பீங்கான் ஸ்பூனின் ஓரம்

மகள் தவழத் தொடங்கியபோது, துபாயில் இருக்கும் என் கணவர் ஒரு டப்பா நிறைய குழந்தை ஸ்பூன்கள் அனுப்பினார். நுனி ரப்பர் போல மெத்தென்றிருப்பது, தானே பிடித்துக்கொள்ள வாகாகக் கைப்பிடி வளைந்தது, பல் மழுங்கிய குட்டி ஃபோர்க். மகாராணி எதையும் மதிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சின்ன ஸ்பூனுக்கு மட்டும்தான் வாயைத் திறந்தாள். அடியில் ஊசிமுனை ஓட்டை இருந்ததால் கழித்துப்போட்ட சரக்கு அது. எங்கள் தெருவில் எந்த அடுப்படியிலும் கழித்த சரக்குதான் புழங்கும்.

"உடையிற சாமானப் போயி புள்ள வாயில வெக்கிறியே," என்று கூடவே இருக்கும் என் நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் பருப்புச் சோறு ஊட்டும்போது மகள் ஸ்பூனைப் பிடுங்கி, எவர்சில்வர் தட்டில் ஓங்கித் தட்டிவிட்டு வாயில் வைத்துக்கொண்டாள். வாங்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம்.

நாத்தனார் பாய்ந்து வந்து அவள் வாயைத் திறந்து பார்த்தார். இல்லை. பாய், தரை, சட்டை எங்கும் இல்லை. பழைய உடைசலாக இருந்துவிடக் கூடாதா என்று ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பழையதென்றால் பருப்பின் மஞ்சள் ஏறியிருக்கும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. துண்டை விழுங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு வயிற்றில் இருக்கிறது, தானாக வெளியேறிவிடும், வாந்தியோ ரத்தமோ கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். திரும்பும்போது நாத்தனார் குழந்தையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். கேட்டும் தரவில்லை. அவர்மேல் ஆத்திரமாக வந்தது. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அது உறைபோடக் காணாது.

அதன்பிறகு அவள் வெளிக்குப் போகும்போதெல்லாம் இருவரும் பழைய வடிகட்டியும் தண்ணீருமாக உட்கார்ந்தோம். அவள் லேசாக முனகினாலும் வாயைத் திறந்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுநாள் மதியம் நாத்தனார் கத்தினார்.

"வந்துடுச்சி! சாமி, வந்துடுச்சி!"

நான் ஸ்பூனை எடுத்துவர ஓடினேன். கம்பெனியில் எது உடைந்தாலும் சில்லுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்த பிறகுதான் குப்பையில் போடுவோம். எங்கேயாவது ஒன்று தங்கிவிட்டால் அடுத்த சரக்கு கெட்டுவிடும். இந்தச் சில்லையும் கழுவி ஸ்பூனின் உடைந்த ஓரத்தில் பொருத்தினேன். மூலையில் இடைவெளி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ள இருக்குது அண்ணி."

"பொடியாப் போயிருக்கும், வுடு."

"இல்லீங்க அண்ணி. பாருங்க."

வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. வடிகட்டியைக் கழுவி வெயிலில் வைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் குருணை அளவில் இன்னொன்று கிடைத்தது. இந்தமுறை ஸ்பூனை வாங்கி அவரே பொருத்திப் பார்த்தார். இடைவெளி அடைந்துவிட்டது.

"சரியா இருக்குதா, நீயே பாரு."

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கைகழுவிவிட்டு வந்து, பாயில் கிடந்த குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார்.

"புடி, ஒன் புள்ளய."

நான் வாய்விட்டு அழுதேன்.