மூடி வைத்த கைகள்

சின்னவருக்குத் தன் அண்ணன் மேல் ஒரு மனத்தாங்கல் பல மாசமாக உண்டு. அலையாய் அலைந்து வாங்கி வந்து இறக்கிய மாவு பிசையும் மெஷினைப் பற்றி அண்ணன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நல்லதாகச் சொல்ல மனசு வராவிட்டால் கெட்டதாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுவும் கிடையாது. மெஷின் ஓடும்போது, பிடிக்காத சம்பந்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாருக்காக வாங்கியது அது? அவர் கைக்காகத்தானே?

"உன் மாமாவுக்கு வாயில என்ன பூட்டா?" என்று சின்னவர் மனைவியிடம் பொருமுவார்.

"சாவியை உங்க அண்ணன்கிட்டயே கேளுங்க. என்னை ஏன் பிடுங்குறீங்க?" என்பாள் அவள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ரொட்டிக்கடை அது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் அடுப்பறை, மாடியில் குடும்பம். ரொட்டி வாங்க வருகிறவர்கள் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகி, அதுவே பெயராக நின்றுவிட்டது. அடுப்பும் வியாபாரமும் தம்பி பார்த்தார். பிசைவது பெரியவர். மரத்தொட்டியில் மாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு, இரண்டு கையும் முழங்கை வரை புதையப் பிசைவார். பெரியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற அன்றைக்கெல்லாம் மாவு பொங்கிவிட்டது என்று சாக்குச் சொல்லித் தப்பித்தவர் என்று கடையில் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

முதலில் வீங்கியது கட்டைவிரல் அடிமூட்டு. பிறகு ஒவ்வொரு விரல் முட்டியும் புளியங்கொட்டை மாதிரி புடைத்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியபடியே கிடக்கும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவார். வருஷக்கணக்காக அப்படி. ஒருநாள் விடிந்த கையோடு மாவு மூட்டை மேல் சாய்ந்து ரத்த வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். "இனி ஒரு வலி மாத்திரை உள்ள போச்சுன்னா வயிறு ஓட்டையாயிடும். தொடவே கூடாது."

"அப்ப வலிச்சா என்னம்மா செய்யறது?"

"இது தேய்மானம். முழுசா போகாது. அடங்கி இருக்க வைக்கலாம். காலையில கையை வெதுவெதுப்பான தண்ணியில வைங்க. மூட்டை தூக்காதீங்க. கனமா பிசையாதீங்க. ஆனா விரலை ஆட்டாம மட்டும் வெச்சிராதீங்க. கைக்கு ஓய்வும் குடுங்க, அசைவும் குடுங்க."

இந்த நேரத்தில் சின்னவர் அங்கே இல்லை. ரொட்டி வண்டியை வாசலை அடைத்து நிறுத்திவிட்டார் என்று காவல்காரன் கத்த, அவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது டாக்டரம்மா அடுத்த நோயாளியிடம் போய்விட்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"கைக்கு ஓய்வு குடுக்கணுமாம். விரலை ஆட்டிக்கிட்டும் இருக்கணுமாம்."

"ஆட்டி ஆட்டித்தானே இந்தக் கதி? பேசாம இரு, நான் பார்த்துக்கறேன்."

சின்னவர் பார்த்துக்கொண்டது இப்படி. அவர் ரொட்டிக்காரர். கெட்டியாகிப்போன மாவை என்ன செய்வார்கள்? முரண்டு பிடிக்கிற மாவோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. ஈரத்துணி போட்டு மூடி, சூடு படுகிற இடத்தில் சும்மா வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். கை மட்டும் என்ன, அதைவிட ஒசத்தியா?

"மாவை மூடி வெச்சா தளருதா இல்லையா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"தளரும்."

"அப்புறம் என்ன?"

வாழ்க்கையெல்லாம் மாவோடு கிடந்த மனுஷன் இதற்கு என்ன மறுபேச்சுப் பேசுவார்? தலையாட்டினார்.

மெஷின் வந்தது. பெரியவர் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவரின் மனைவி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அவர் கைகளில் சுற்றி, மடியில் ஒரு தட்டு வைத்து, அதன் மேல் எடுத்து வைப்பாள். ஆறினால் மறுபடியும் சுற்றுவாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பன்னை வேகப்போட்ட மாதிரி இருக்கும்.

ரொட்டி வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூண்டை அரைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். செம்பு வளையம் போடச் சொன்னார் பஸ் கண்டக்டர். எதிர்க்கடைத் தையல்காரர், "தேனீயைப் பிடிச்சு முட்டியில கொட்ட விடுங்க பெரியவரே, ஒரே மாசத்துல சரியாயிடும்" என்றார்.

"நீ எங்க கொட்டிக்கிட்ட?" என்றார் பெரியவர்.

"எனக்கு எதுக்கு?"

"நாக்குல கொட்டிக்க. தெருவே நிம்மதியா இருக்கும்."

வலி குறைந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று. வலி குறைந்ததும் இரண்டு பேருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் நன்றாகச் சுற்றினார்கள். இன்னும் சும்மா இருந்தார் பெரியவர். குளிர்காலம் வந்தபோது விரல்கள் பாதிக்கு மேல் விரியவில்லை. சட்டைப் பொத்தானைச் சின்னவரின் மனைவி போட்டுவிட்டாள். டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தார். குளியலறைக்குப் போனால் வெளியே வர வெகுநேரமாயிற்று. உள்ளே குவளை விழுகிற சத்தம், மறுபடியும் எடுக்கிற சத்தம், மறுபடியும் விழுகிற சத்தம்.

சின்னவர் கதவைத் தட்டினார். "அண்ணே, நான் வரவா?"

"எதுக்கு? உள்ள நானே இடிச்சுக்கிட்டு நிக்கறேன், உனக்கு ஏது இடம்? போடா."

வெளியே வந்தபோது வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. சுவரில் சாய்ந்து நின்று சொன்னார்: "இனிமே பிசையணும்னு எனக்கு ஆசை இல்லைடா. ரொட்டி எப்படியோ வெந்துட்டுப் போகுது. என் வாய்ல சோறை நான் போடணும். என் பின்னாடியை நான் கழுவணும். சாகற வரைக்கும் அது போதும்."

அன்றைக்கே மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பெரியவரின் விரலைப் பிடித்து விரிக்கப் பார்த்தார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கையை யாரு இப்படி மூடி வைக்கச் சொன்னது?"

"நீங்கதானேம்மா ஓய்வு குடுக்கச் சொன்னீங்க" என்றார் சின்னவர், கொஞ்சம் குரலை உயர்த்தி.

"கனத்தைக் குறைக்கச் சொன்னேன். நிறுத்தவா சொன்னேன்? இவ்வளவு காலம் இந்தக் கை விரிஞ்சு மடங்கினதே அவர் பிசைஞ்சதாலதான். ஆட்டாத மூட்டு இறுகித்தான் போகும். இனி வெந்நீர்ல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பாருங்க. வர்றது வரட்டும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

சின்னவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். தெருமுனை திரும்பியபிறகு வெடித்தார். "ஏன்டாப்பா இப்படிச் செய்றேன்னு நீ அன்னிக்கே என்னை ஒரு அறை விட்டிருக்கலாமில்ல?"

"எந்தக் கையால?" என்றார் பெரியவர். தன் கேலிக்குத் தானே சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "ஆட்டணும்னு உன்கிட்ட சொன்னேன். நீ மாவைப் பத்திப் பேசின. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. வலி இல்லாம உட்கார்ந்திருந்தது சுகமாவும் இருந்துச்சுடா. பொய் சொல்லக்கூடாது."

"மெஷினைப் பத்தி ஒரு வார்த்தை..."

"கை போகுதுன்னு எனக்குக் கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. மெஷினைக் குத்தம் சொன்னா உன்னைச் சொன்ன மாதிரி இருக்கும். நல்லா இருக்குன்னு சொல்லவும் வாய் வரலை. அதான் மூடிக்கிட்டேன்."

சின்னவர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் அண்ணன் கைகளை வைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு விரலாகச் சின்னவர் நீவி விரிப்பார். பிறகு தண்ணீர் தூக்கலாக விட்டுப் பிசைந்த, குழந்தைகூட அமுக்கிவிடக்கூடிய மாவு உருண்டையைச் சூடாகக் கையில் கொடுப்பார். பெரியவர் அதை அமுக்கவேண்டும். முதல் நாட்களில் மாவில் விரல் தடம்கூட விழவில்லை. வலி மட்டும் மாத்திரை நாட்களில் இருந்த மாதிரியே திரும்பி வந்தது. பெரியவர் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடும். "அமுக்கு அண்ணே, அமுக்கு" என்று சின்னவர் கத்துவார், பிரசவ அறை வாசலில் நிற்கிறவர் மாதிரி.

வலது கை கொஞ்சம் வந்தது. கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டார். அன்றைக்குச் சின்னவரின் மனைவி, "மாமா, இன்னொரு கரண்டி போடவா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். இடது கை வரவே இல்லை. வலது கையும் அதற்கு மேல் ஒரு இம்மி நகரவில்லை. குவளையைத் தூக்கி ஊற்ற முடியும், பின்னால் கொண்டுபோய்க் கழுவ முடியாது. மணிக்கட்டு அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. அதற்காக ஒரு நீளக் கம்பில் பஞ்சைக் கட்டிக்கொண்டார், குழாயில் ரப்பர் குழல் மாட்டிப் பார்த்தார், என்னென்னவோ செய்தார். உதவிக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கு, வைத்தால் சாப்பாட்டை நிறுத்திவிடுவேன் என்றார். மருமகள் மாதிரி இருந்த தம்பி மனைவி அந்தப் பக்கமாக நடந்தாலே கூச்சத்தில் குறுகிப்போனார்.

அப்புறம் ஒரு சளி பிடித்து, அது நெஞ்சில் இறங்கிய பிறகு சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்கப் பெலன் இல்லை. அந்த வாரக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கு முந்தின நாள் காலை, முதல் ரொட்டி அடுப்பில் இருந்தபோது, மாடிக் குளியலறையிலிருந்து சத்தம் கேட்டுச் சின்னவர் ஓடினார். கதவு ஒருக்களித்திருந்தது. பெரியவர் சுவரைப் பிடித்துக் குந்தியபடி இருந்தார். குவளை தள்ளி உருண்டு கிடந்தது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கதவைச் சாத்து. அவ வந்துறப் போறா."

சின்னவர் சாத்தினார்.

"என்னால முடியலைடா. நீயே கழுவி விட்டுடு."