நான் திசையன்விளைப் பெரியப்பா ஆன கதை

இல்லாத வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல மனசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் வேண்டியது நல்ல வாய். இனி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. தாமிரபரணியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு சத்தியம் செய்கிறேன்: பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கிற பல்லும் கொட்டிப்போகட்டும். எத்தனை மிச்சம் என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கு வேண்டாத விஷயம். நீங்களும் ஏதாவதொரு தர்ம காரியத்தில் தலையைக் கொடுத்துவிட்டு, பங்குனி வெயிலில் பையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைந்தவர் என்றால், நான் படுகிற பாடு உங்களுக்குப் புரியும்.

மிதந்து போன ஆட்டுரல்

பஸ் கண்டக்டர் உத்தியோகம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, டிக்கெட் கிழிக்காத கையும் விசில் ஊதாத வாயுமாக எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சமாதானபுரத்து டீக்கடையில்தான் பொழுது போகும். அன்றைக்கு வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஆட்டுரல் தண்ணீரில் மிதந்துபோய், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் ஒதுங்கி, அவர்கள் அதிலேயே இட்லிக்கு மாவாட்டி, மறுவாரம் வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொண்டுவந்து தந்தார்கள். உண்மையா பொய்யா என்று என் மனைவியைக் கேட்கலாம். அவள் எனக்கு எதிராகத்தான் பேசுவாள், அதனால் கேட்க வேண்டாம்.

கடையில் பன் வாங்க வந்த எஸ்தர் டீச்சர் முழுக் கதையையும் நின்று கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் கார் ஷெட்டில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, மாதப் பிறப்பில் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு மளிகைப் பை கட்டிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கார் இல்லாத கார் ஷெட். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, கூசாம புளுகுதிய. ஆட்டுரல் மிதக்குதுங்கிய, கேக்கவன் தலையாட்டுதான். உங்கள மாதிரி ஒரு ஆளத்தான் நான் ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்கேன்."

அடுப்புக்கு வந்த காலம்

புளுகனுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்கும் சந்தேகம்தான். ஷெட்டுக்குப் போனதும் புரிந்தது. டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு: ஒரு வீட்டுக்கு உதவி போவது அடுத்த வீட்டுக்குத் தெரியக் கூடாது. வண்டியில் பேனர் கிடையாது, போட்டோ கிடையாது, மைக் கிடையவே கிடையாது. எந்த வீட்டுக்கு யார் போகிறார் என்று எங்களுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளக் கூடாது. பைகள்கூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று ஜவுளிக்கடைப் பை, ஒன்று உரச் சாக்கு, ஒன்று பழைய ஸ்கூல் பை. டீச்சரே தன் கையால் வாழைநாரில், பிச்சிப்பூ கட்டுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டு வாயைக் கட்டுவார். எடுத்துக்கொண்டு போகிறவர் ஏதாவது ஒரு வேஷத்தில், ஏதாவது ஒரு சாக்கில் போக வேண்டும்.

முதல் தடவை நான் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரனாகப் போனேன். கையில் ஸ்பேனர், தோளில் பை. என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டவன் மைதீன். மேலப்பாளையத்து ஆட்டோக்காரன், என் வயசு, அவனும் டீச்சரின் ஆள்தான். பை போய்ச் சேர்ந்தது. நான் வெளியே வருகிறேன், தெருவில் அத்தனை பெண்களும் ஆளுக்கொரு அடுப்போடு வரிசையில் நிற்கிறார்கள்! ஓட முடியுமா? உட்கார்ந்து ஊதினேன், தட்டினேன், திருகினேன். ஒரு அடுப்பு பற்றவைக்காமலே எரிந்தது. இன்னொன்றில் தண்ணீர் வந்தது, சத்தியமாக. தப்பித்து ஆட்டோவில் ஏறி விழுந்தபோது புருவம் கருகியிருந்தது. மைதீன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்: "அடுப்போட போச்சேன்னு அல்லாவுக்கு நன்றி சொல்லும். இனிமே எந்தத் தெருவுலயாவது போயி டாக்டர்னு சொல்லிராதேயும் வே!"

கருப்பட்டி செய்த வேலை

அதோடு எனக்குத் தொழில் வேஷம் ரத்து. "நீங்க சொந்தக்காரரா மட்டும் போங்க" என்று சொல்லி, டவுன் பக்கம் ஒரு வளவுக்கு அனுப்பினார் டீச்சர். ஒரே வாசல், உள்ளே முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அங்கே பீடி சுற்றுகிறவள் செல்லக்கனி. புருஷன் முருகன் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். நான் திசையன்விளையிலிருந்து வருகிற அவளுடைய பெரியப்பா என்று ஏற்பாடு.

வெறும் அரிசியோடு போனால் எந்தப் பெரியப்பாவை யார் நம்புவார்கள்? என் சொந்த மூளையை உபயோகித்து, பைக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு ஓலைப்பெட்டி உடன்குடிக் கருப்பட்டி வைத்தேன். வளவே நம்பியது. நம்பினதுதான் வினை. அந்தப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் தின்னலாமா? எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கிண்ணத்தோடு வந்து நின்றன. செல்லக்கனி சிரித்த முகத்தோடு உடைத்து உடைத்துக் கொடுத்தாள். தன் பிள்ளைகளுக்குப் பெட்டியில் ஒட்டியிருந்த தூள்தான் மிச்சம். அடுத்த மாதம் வளவே என்னை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்தது. கருப்பட்டிச் சுமை அரிசிச் சுமையைவிடக் கூடிப்போயிற்று. என்னை வழியனுப்புகிற சாக்கில் வாசல் வரை வந்த செல்லக்கனி, மெதுவாக, உதடு அசையாமல் சொன்னாள்: "பெரியப்பா, கையெடுத்துக் கும்பிடுதேன், அடுத்த மாசம் ஒண்ணுமே விளையாத ஊர்ல இருந்து வாங்க."

மறதிக்காரி மைனி

அந்த வளவில் நான் பயப்பட்ட ஒரே ஆள் பேச்சியம்மாள். முருகனின் அக்கா, செல்லக்கனிக்கு மைனி; எதிர் வீட்டில் தனியாக இருந்தாள். மகன் பம்பாயில் பெரிய வேலையில் இருக்கிறான், மாதாமாதம் கவனித்துக்கொள்கிறான் என்று வளவில் சொல்வாள். அவளுக்கு ஒரே ஒரு குறை, மறதி. கடைக்குப் போய்விட்டு ஆட்டோவிலேயே பையை விட்டுவிட்டு வந்துவிடுவாளாம். எவனாவது நல்ல ஆட்டோக்காரன் தேடிக் கொண்டுவந்து தருவானாம். வளவுப் பிள்ளைகள் அவளை மறதி அத்தை என்றுதான் கூப்பிடும். எனக்குச் சிரிப்பாக வந்தது. உங்களுக்கு வரவில்லையென்றால் நீங்கள் என்னைவிடப் புத்திசாலி.

பேச்சியம்மாள் ஒரு முடிவோடு இருந்தாள். செல்லக்கனியின் மூத்தவள் மாரி பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே சோறும் தங்க இடமும் உண்டு. முருகன் எழுந்து நடக்கிறவரை வீட்டில் அடுப்பு எரியும், அதனால் அனுப்ப வேண்டியதில்லை என்று செல்லக்கனி சாதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கிருந்த ஒரே ஆதாரம் நான்: வசதியான பெரியப்பா. நான் பெரியப்பா இல்லை என்று தெரிந்தால் அடுப்பும் பொய், அவள் பேச்சும் பொய். மாரி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் நானும் என் சொத்தை மாதாமாதம் பெருக்கினேன். பனந்தோப்பு வாங்கினேன். மணப்பாட்டில் ஒரு விசைப்படகு விட்டேன். அந்தப் படகு பிடித்த மீன் ஒன்று படகையே இழுத்துக்கொண்டு இலங்கை வரை போய்த் திரும்பியதைச் சொன்னபோது, பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை: "மாமா, நல்லாப் பேசுதிய. பேச்சு தீந்த பெறகு இந்தப் பிள்ளையளுக்கு யாரு சோறு போடுவா?"

இரண்டு பைகள்

அடுத்த மாதம் நான் வளவுக்குள் நுழைந்தபோது முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாரி கதவுக்குப் பின்னால், கண் சிவந்து. வீட்டுக்குள்ளே கட்டிலிலிருந்து முருகன், "யக்கா, வேண்டாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் பையை முற்றத்தில் வைத்ததும் பேச்சியம்மாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்க மாமா. திசையன்விளையில எந்தத் தெரு?"

"பஜார் பக்கம்."

"நேத்து நம்ம தெருவுக்கு ஒரு திசையன்விளைக்காரர் வந்தாரு. விசாரிச்சேன். நீங்க சொல்லுத பனந்தோப்பும் கிடையாது, படகும் கிடையாது, அப்படி ஒரு ஆளே கிடையாதுங்காரு. அப்ப நீங்க யாரு?"

வாழ்நாளில் முதல் தடவையாக, டிக்கெட்டைத் தொலைத்த பயணி மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றேன். டிக்கெட் செக்கரிடம்கூட நான் அப்படி நின்றதில்லை. செல்லக்கனி சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மில்காரர் தொண்டையைக் கனைத்தார். அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஹாரன் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

"யக்கா! இன்னைக்கும் பைய ஆட்டோல விட்டுட்டுப் போயிட்டியளே! உங்க மறதிக்கு மருந்து கிடையாதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான் மைதீன். என்னைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சட்டம் சட்டம்தான், அவனுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவனைத் தெரியாது. "பெரியவர் எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே, வைக்க வேறு இடமில்லாமல், தன் பையை என் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

என்னுடையது உரச் சாக்கு, அவனுடையது ஜவுளிக்கடைப் பை. இரண்டின் வாயிலும் ஒரே வாழைநார். பிச்சிப்பூ கட்டுகிற மாதிரி ஒரே சுருக்கு.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு பையைப் பார்த்தாள், மறு பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பம்பாய் மகன் திரும்பிப் பார்க்காமல் போய் எத்தனை காலமோ. இந்தப் பெண்ணை மில்லுக்கு அனுப்பச் சொன்னது கல் நெஞ்சால் இல்லை, வெறும் பானையைக் கண்ட பயத்தால் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லக்கனியும் பார்த்துவிட்டாள், பார்த்தவள் உடனே வானத்தில் காக்கா பறக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை சொன்னால் மூன்று பேர் மானமும் போகும், மாரியும் போவாள். பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். தன் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மில்காரரைப் பார்த்து, வளவு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "நீரு கிளம்பும் அண்ணாச்சி, பிள்ளை பரிட்ச எழுதட்டும். நாந்தான் மறதிக்காரியாச்சே, இவியள நானே திசையன்விளையில வச்சிப் பாத்திருக்கேன், பெரிய தோப்பு!"

டீச்சரின் பதில்

நேராக ஷெட்டுக்குப் போய் டீச்சரிடம் சத்தம் போட்டேன். ஒரே வளவுக்கு இரண்டு பேரை அனுப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் ஆயுசில் பாதி அங்கேயே போய்விட்டதே! அவர் நார் கிழிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்து நடிச்சிருப்பிய. நீங்க நல்லா புளுகுவிய அண்ணாச்சி, ஆனா நடிப்பு உங்களுக்குச் சுத்தமா வராது."

மாரி பரீட்சை எழுதி, இப்போது நர்ஸ் படிப்பு படிக்கிறாள். முருகன் கம்பு ஊன்றி நடந்து, ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். செல்லக்கனி பை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது எதிர் வீட்டு மைனிக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள். மாதப் பிறப்பில் இருவரும் ஷெட்டுக்கு வந்து பை கட்டுகிறார்கள். டீச்சர் சுருக்கை மாற்றிவிட்டார். பைக்கு ஒரு விதம். போன மாதம் பேச்சியம்மாள் பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்கு இன்சூரன்ஸ் அம்மாவாகப் போய், அந்தத் தெருவில் மூன்று வீட்டை நிஜமாகவே பாலிசி எடுக்க வைத்துவிட்டு வந்தாள். எனக்குப் போட்டி என்றால் அவள்தான். திரும்பி வந்து என்னிடம் அவள் சொன்னது: "மாமா, உங்க மீனு இலங்க வரைக்கும்தான போச்சு? எம் பாலிசிக்காரி ஒருத்தி சிங்கப்பூருக்கே போயிட்டா!"

ஆக, எங்கள் ஊரில் தர்மம் நடப்பது ஒரு டீச்சரின் வாழைநாரிலும், ஒரு மறதிக்காரியின் ஞாபகத்திலும், என்னைப் போன்ற சத்தியவானின் வாயிலும்தான். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், ஆட்டோவில் யாரோ மறந்துவிட்டுப் போன பையில் கிடந்தது என்று சொல்லிவிடுங்கள்.